குணசுந்தரி சாவி தேடிய நேரம்

1

இந்தக் கதை என்னுடைய ஒரு தப்பிலிருந்து பிறந்தது. பாதிக்கு மேல் படித்துவிட்டு நீங்களே அதைக் கண்டுபிடித்து என்னை மடக்குவதைவிட, நானே முதலில் ஒப்புக்கொள்வது மேல்.

தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. மனு, விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் டைப் அடித்துத் தருவேன். கூடவே ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். போன ஏப்ரல் மாதம் அதற்கு இப்படி ஒரு செய்தி அனுப்பினேன்:

“தங்கவயல், ஏப். 22: நந்திதுர்க் பகுதியில் ஞாயிறு மாலை வீசிய சூறைக்காற்றில் கட்டுமானத் தொழிலாளர்களின் தகரக் கொட்டகைகள் சரிந்தன. லைன் குடியிருப்போர் சங்கத்தார் தங்கள் ஹாலை உடனடியாகத் திறந்து நாற்பது பேருக்கு அடைக்கலம் அளித்தனர். ஒருவர் காயம்.”

ஞாயிறு சரி. காற்று சரி. நாற்பது பேரும் சரி. ஒரே ஒரு சொல் தப்பு. ‘உடனடியாக’. அந்தச் சொல்லை எனக்கு யாரும் காசு கொடுத்துப் போடச் சொல்லவில்லை. ஹால் என்றால் திறப்பார்கள், திறந்தால் உடனடியாகத்தான் திறப்பார்கள் என்று கை தானாகவே அடித்துவிட்டது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: “மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.” என் மனைவி இந்து படித்துவிட்டு, “எல்லா மழையும் அப்பிடித்தாங்க வரும்,” என்றாள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: “நூறு வருஷத்துக்கு முன்னால் வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களுக்குக் கம்பெனி மூங்கில் தட்டியில் போட்டுக் கொடுத்த தற்காலிகக் குடிசைகள்தான் பிற்பாடு இந்த லைன் வீடுகளாக” —

இதையும் இங்கேயே நிறுத்துகிறேன். இந்த வாக்கியம் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அன்று இவர்கள் தட்டி வீட்டில் இருந்தார்கள், இன்று அவர்கள் தகர வீட்டில் இருக்கிறார்கள், இவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டாமா என்று ஒரு பெருமூச்சு. அது உண்மைதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, ஹால் சாவியை வைத்திருந்த குணசுந்தரி அதையெல்லாம் நினைக்கவே இல்லை. நான் கேட்டேன். “இல்ல தம்பி, அதெல்லாம் ஒண்ணும் தோணல,” என்றாள். தோன்றாததை அவள் தலைக்குள் நான் எப்படிப் போட முடியும்?

மூன்றாவது தொடக்கம் அடுத்த பகுதியில் இருக்கிறது. அதுவும் சரியா என்று தெரியவில்லை.

3

குணசுந்தரிக்கு ஐம்பத்து மூன்று வயது. புருஷன் இல்லை. மகள் ஓசூரில். தினமும் விடிகாலை மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் வைட்ஃபீல்டில் இறங்கி, ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினெட்டு மாடிகளின் வராந்தாக்களையும் துடைக்கும் பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்துவிட்டு, இருட்டியபின் வீடு திரும்புவாள். ஞாயிறு மட்டும் வீட்டில். அவள் வீட்டுக்கு நேர் எதிரே சங்கத்து ஹால். அதைப் பெருக்குவதும் வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுவதும் அவள் பொறுப்பு. அதனால் சாவி அவளிடம்.

ஹாலுக்குப் பின்னால் முன்பு பிள்ளைகள் பந்து விளையாடிய மைதானம். இப்போது அதை ஒட்டி ஒரு லேஅவுட் வருகிறது. பெங்களூருக்கு ஒன்றரை மணி நேரம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். (ஒன்றரை மணி நேரத்தில் போன யாரையும் நான் பார்த்ததில்லை.) அங்கே வேலை செய்ய ராய்ச்சூர்ப் பக்கத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து, மைதானத்தில் வரிசையாகத் தகர ஷெட்டுகள் போட்டார் கான்ட்ராக்டர். எட்டுக்குப் பத்தடி. கூரைத் தகடுகளுக்கு போல்ட் கிடையாது, மேலே செங்கல்லை வைத்திருந்தார்கள். நாற்பது பேருக்கு ஒரு குழாய். அதில் தண்ணீர் வராத நாட்களில் பெண்கள் லைனுக்குக் குடத்தோடு வருவார்கள்.

அப்படி வந்தவள்தான் ஷில்பா. இருபத்து மூன்று வயது, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அவள் புருஷன் மஞ்சுநாத் கம்பி கட்டுகிறவன். குணசுந்தரியை அவள் ‘யவ்வா’ என்று கூப்பிடுவாள். அவர்கள் பக்கத்துக் கன்னடத்தில் அம்மா. குணசுந்தரி தண்ணீர் கொடுப்பாள். பிறகு பின்பக்கத்துக் குளியலறையையும் கொடுத்தாள், ஷெட்டில் குளிக்கும் இடத்துக்குக் கதவு இல்லை என்பதால். ஒரு நாள் அந்தக் குழந்தை வாசலில் அசிங்கம் பண்ணியபோது கண்டபடி திட்டவும் செய்தாள். பாசம், நட்பு என்று பெரிதாக எழுத இதில் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் சங்கக் கூட்டம். செயலாளர் கொர்னேலியஸ், சுரங்கம் மூடும்வரை, ஆட்களைக் குழிக்குள் இறக்கி ஏற்றும் கேஜை ஓட்டியவர். லைன் வீடுகளுக்குப் பத்திரம் வாங்கித் தர இத்தனை வருஷம் அலைந்து செருப்புத் தேய்ந்தவர் அவர் ஒருவர்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

“இந்த மாசக் கடைசில சர்வே வரான். யாரு பர்மனெண்ட்டு, யாரு சும்மா வந்து ஒட்டிகினவன்னு பாத்து எழுதிகினு போவான். அந்த டைம்ல நம்ம ஹால்ல அவங்க துணி காயப்போட்டு அடுப்பு மூட்டிகினு இருந்தா, இதுவும் லேபர் கேம்ப்புன்னு ஒரே வரியில முடிச்சிடுவான். ஆவாது. ஹால அவங்களுக்குத் தரக் கூடாது.”

“மழ கிழ வந்தா?” என்று கேட்டது குணசுந்தரிதான்.

“வந்தா அவங்க கான்ட்ராக்டர் பாத்துப்பான். நம்மளுக்கு இன்னா?”

தீர்மான நோட்டில் முதல் கையெழுத்தும் குணசுந்தரியுடையது. நோட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். (இந்த ‘அவ்வளவுதான்’ அவளுடையது. என்னுடையது அல்ல.)

4

அந்த ஞாயிறு ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் காற்று வந்தது.

இங்கே காற்று என்றால், தங்கம் பிரித்தபின் சுரங்கக் கம்பெனி கொட்டிவிட்டுப் போன சைனைடு மண்மேட்டுத் தூசியும் சேர்ந்துதான் வரும். வெள்ளை மாவு மாதிரி. எல்லா வீட்டிலும் கதவு ஜன்னல் சாத்திவிடுவார்கள். குணசுந்தரியும் சாத்தினாள். சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியாகத்தான் முதல் தகடு எழும்புவதைப் பார்த்தாள். அது மேலே போய் ஒரு நொடி நின்று, பிறகு வேறு யாரோ பிடித்து எறிந்த மாதிரி பக்கவாட்டில் பறந்தது. பின்னாலேயே இரண்டு, மூன்று. மழை அடித்தது. ஆட்கள் ஹாலை நோக்கி ஓடிவந்தார்கள்.

ஹாலுக்கு முன்னால் ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு சன்ஷேடு. நாற்பது பேர் அதன் கீழே சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஷில்பா குழந்தையைப் புடவைக்குள் மூடிக்கொண்டிருந்தாள். யாரோ வந்து குணசுந்தரியின் கதவைத் தட்டினார்கள்.

“சாவி தேடிகினு கீறேன்!” என்று உள்ளிருந்து கத்தினாள்.

உண்மைதான், ஆணியில் சாவி இல்லை. அலமாரியில் பார்த்தாள். தலையணைக்கு அடியில் பார்த்தாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் பார்த்தாள். மறுபடி தட்டினார்கள். மறுபடி அதையே கத்தினாள்.

வெளியே சாரல் குழந்தையின் மேல் அடித்தது. மஞ்சுநாத் சுற்றிலும் பார்த்தான். சரிந்து கிடந்த அவர்கள் ஷெட்டில் ஒரு தார்ப்பாய் இருந்தது ஞாபகம் வந்தது. “ரெண்டு நிமிஷம்,” என்று ஷில்பாவிடம் சொல்லிவிட்டு ஓடினான். அவன் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தபோது இன்னொரு தகடு கிளம்பிவந்து, வலது முழங்கைக்குக் கீழே வெட்டியது.

அந்த அலறலுக்குத்தான் குணசுந்தரியின் கதவு திறந்தது. ஓடிவந்து ஹால் பூட்டைத் திறந்தாள். தன் வீட்டுப் பாய், போர்வை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து போட்டாள். கொர்னேலியஸும் நனைந்துகொண்டே வந்தார். தீர்மானத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் வேட்டியைக் கிழித்து மஞ்சுநாத்தின் கையைக் கட்டியவர் அவர்தான். ஆட்டோவை அழைத்து, மடியில் அவன் தலையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும் அவர்தான்.

ஆட்டோக்காரருக்கு அவர் போன் செய்த நேரம் ஆறு முப்பத்திரண்டு. கொர்னேலியஸின் போனில் பிற்பாடு நானே பார்த்தேன்.

காற்று வந்தது ஐந்து ஐம்பது. திறந்தது ஆறரை. நடுவில் நாற்பது நிமிடம்.

5

மறுநாள் காலை கொர்னேலியஸ் என் கடைக்கு வந்து நடந்ததைச் சொன்னார். திறந்தோம், சேர்த்தோம், டீ போட்டுக் கொடுத்தோம். நான் எப்போது என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருமே பொய் சொல்லாமல் ஒரு பொய்யை அச்சில் ஏற்றிவிட்டோம்.

சர்வேக்காரர்கள் வாரக் கடைசியில் வந்தார்கள். வீட்டு எண்களைக் குறித்துக்கொண்டார்கள். ஹால் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் ஷில்பா கடைக்கு வந்தாள். தகடு நரம்பை வெட்டியிருந்தது. மஞ்சுநாத்தின் வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. கம்பி கட்டுகிறவனுக்கு மூன்று விரல் மடங்காவிட்டால் தொழில் போனது என்று அர்த்தம். நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டிருந்தார்கள். கான்ட்ராக்டர் தரப்பு கொடுத்த பதிலை ஜெராக்ஸ் எடுக்கத்தான் அவள் வந்திருந்தாள். ஏழாவது வரை படித்தவள், கன்னடம் வாசிப்பாள். கடைசித் தாள் மட்டும் தமிழில் இருந்தது.

“அண்ணா, இதில் என்ன எழுதியிருக்கிறது?” (அவள் பேசியது கன்னடம். தமிழில் எழுதும்போது அதன் சூடு குறைந்துவிடுகிறது. வேறு வழி தெரியவில்லை.)

என் செய்திதான். கத்தரித்து ஒட்டியிருந்தார்கள். கான்ட்ராக்டரின் வாதம் இதுதான்: ஹால் உடனடியாகத் திறக்கப்பட்டது, எல்லோரும் பத்திரமாக உள்ளே இருந்தார்கள், மஞ்சுநாத் தன் சொந்தச் சாமானுக்காகத் தானே வெளியே போனான், எனவே பொறுப்பு அவனுடையது. ஆதாரம்: பத்திரிகைச் செய்தி.

நான் அதை அவளுக்குக் கன்னடத்தில் படித்துச் சொன்னேன். ‘உடனடியாக’ வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

ஷில்பா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

“அப்படியானால் நாங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தோம்?”

6

அடுத்து வந்த ஞாயிறே குணசுந்தரி வீட்டுக்குப் போனேன்.

“பேப்பர்ல போட்டுட்டு இப்ப வந்து கேக்கறியா தம்பி? உக்காரு.”

நான் விஷயத்தைச் சொன்னேன். திறந்தது எப்போது என்று அவள் சொன்னால் மஞ்சுநாத்துக்கு உதவும் என்றேன். அவள் சொன்னதை நான் ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதுகிறேன்:

“சாவி தேடினேன் தம்பி. கெடச்சுது. கெடச்ச அப்பறமும் தேடினேன்.”

எனக்குப் புரியவில்லை.

“வெங்காயக் கூடையில கெடந்துது. முந்தானையில முடிஞ்சிகினேன். அப்பறம் திரும்பியும் போயி தலகாணிய தூக்கிப் பாக்கறேன். மூணு தபா தூக்கினேன். இடுப்புல சாவி இடிக்குது, நான் தேடிகினே கீறேன். கதவத் தட்டறாங்க, தேடிகினு கீறேன்னு சொல்றேன். பொய் சொல்றன்னு கூடத் தெரியல. நெஜமாவே தேடறேன்.”

“எவ்ளோ நேரம்கா?”

“அத்த யாரு பாத்தா?”

“இன்னாத்துக்குக்கா?”

“அதான் நான் உன்னக் கேக்கறேன். நீதான எழுதறவன்?”

7

ஆகவே எழுதிப் பார்த்தேன். ஒரு பாத்திரம் ஏன் அப்படிச் செய்தது என்று தெரியாமல் கதை எழுதக் கூடாது என்பார்கள். தெரிந்துகொள்ள என்னாலானதைச் செய்தேன்.

அவள் வீட்டுப் பத்திரம் போய்விடும் என்று பயந்தாள். — இதைப் படித்துக் காட்டினேன். “பயந்தா கதவச் சாத்திகினு கம்முனு உக்காந்திருப்பேன். நான் தேடிகினு இல்ல இருந்தேன்?” என்றாள்.

அவள் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டவள். — “கொர்னேலியஸண்ணனே வேட்டியக் கிழிச்சாரு. எனக்கு மட்டும் இன்னா கட்டு?”

அவளுக்கு அந்தக் குழந்தைமேல் இன்னும் கோபம். — இதைப் படிக்கவில்லை. படித்திருந்தால் என்னைச் செருப்பால் அடித்திருப்பாள்.

பதினெட்டு மாடி துடைக்கும் வேலையில் இருப்பவளுக்குத் தனக்கும் கீழே ஒருத்தி இருப்பது — இதை எழுதும்போதே எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவளைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டு, நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று எழுத ஆரம்பித்திருந்தேன்.

இந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ரெண்டு மனசா இருந்திருப்பாங்க, அவ்ளோதானே?” என்றாள். அது நெருங்கி வந்தது. ஆனால் இரண்டு மனசு என்றால் ஒன்று திற என்னும், ஒன்று திறக்காதே என்னும். குணசுந்தரியிடம் திறக்காதே என்ற மனசே இல்லை. திறக்கத்தான் தேடிக்கொண்டிருந்தாள். கையில் கிடைத்த பிறகும்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே மேலே போகிறேன்.

8

விசாரணை நாள் வந்தது. செய்தியை எழுதியவன் என்று எனக்கும் ஓலை வந்திருந்தது. குணசுந்தரி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அதற்கு முன்தினம் கொர்னேலியஸ் அவள் வீட்டுக்கு வந்து பேசியிருக்கிறார்.

“இன்னாத்துக்கும்மா இத்தையெல்லாம் போயி இஸ்துகினு? திறந்தியா இல்லியா? திறந்த. நாப்பது பேரு உன் பாய்ல படுத்தாங்க. அதுக்கு மேல இன்னா உண்மை வேணும்?”

“அந்தப் பையன் வெரலு மடங்கலண்ணா.”

அவர் எழுந்து போய்விட்டார். கோபத்தில் இல்லையாம். அவர் கண் கலங்கியிருந்தது என்கிறாள் குணசுந்தரி. கலங்கியது இவளுக்காகவா, லைனின் பேருக்காகவா, தான் அந்த நாற்பது நிமிடம் தன் வீட்டுக்குள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்தா? நான் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அலுவலகப் படியில் ஷில்பாவும் மஞ்சுநாத்தும் உட்கார்ந்திருந்தார்கள். ஷெட்டுகளை இப்போது பூதிகோட்டை ரோட்டுப் பக்கம் மாற்றியிருந்தார்கள். வேலை முடிகிறது, திங்கட்கிழமை மொத்தக் கும்பலும் வேறு ஊருக்குப் போகிறது என்று மஞ்சுநாத் சொன்னான். ஷில்பா குணசுந்தரியைப் பார்த்ததும் எழுந்து காலைத் தொட்டாள்.

“நீங்கள் அன்று திறக்காவிட்டால் குழந்தை என்ன ஆகியிருக்கும் யவ்வா.”

குணசுந்தரி அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். தனக்குத் தெரிந்த தங்கவயல் கன்னடத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். கூடை, முந்தானை, தலையணை, மூன்று தடவை. சொல்லிமுடித்ததும் அழுதாள்.

மஞ்சுநாத் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தான். ஷில்பாவின் முகம் எப்படி மாறியது என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அது மாறவே இல்லை.

“அழாதீர்கள் யவ்வா,” என்றாள். “இதை உள்ளே சொல்லுங்கள். இப்படியே சொல்லுங்கள்.”

மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். அவள் சொன்னது அவ்வளவுதான்.

9

அதிகாரி பொறுமையானவர். “ஹேளம்மா,” என்றார். சொல்லுங்கள் அம்மா. குணசுந்தரி சொன்னாள். கான்ட்ராக்டரின் ஆள் குறுக்கே பேச வந்தபோது அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். என்னையும் கேட்டார். நேரம் விசாரிக்காமல் எழுதிவிட்டேன் என்றேன். அந்த அறையில் நான் சொன்ன ஒரே நல்ல வாக்கியம் அது.

குமாஸ்தா குணசுந்தரியின் வாக்குமூலத்தைக் கன்னடத்தில் டைப் அடித்து அச்செடுத்தார். கையெழுத்துக்காக அவள் முன்னால் வைத்தார். அவளுக்குக் கன்னடம் பேசத்தான் தெரியும். வாசிக்கத் தெரியாது. தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

“தம்பி, படிச்சுப் பாரு. நான் சொன்னது அப்பிடியே கீதான்னு சொல்லு.”

படித்தேன். காற்று, மழை, தட்டியது எல்லாம் இருந்தது. பிறகு: “சாவியைச் சிறிது நேரம் தேடியபின், மாலை சுமார் ஆறு முப்பது மணிக்கு ஹாலைத் திறந்தேன். அதற்கு முன்பே மஞ்சுநாத்துக்குக் காயம் பட்டிருந்தது.”

நேரம் இருந்தது. காயம் முன்பே என்பதும் இருந்தது. வழக்குக்கு அது போதும். கான்ட்ராக்டரின் வாதம் அதிலேயே உடைந்துவிடும். ஆனால் கிடைத்த பிறகும் தேடினாளே, அது இல்லை. குமாஸ்தா மேல் குற்றமில்லை. நானே ஒரு மாதமாக எழுதி எழுதி எழுத முடியாததை அவர் ஐந்து நிமிடத்தில் எப்படி எழுதுவார்?

இல்லை என்று நான் சொன்னால் திரும்ப எழுத வேண்டும், அந்தப் பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு குறுக்குக் கேள்வி கேட்பார்கள், தேதி தள்ளிப்போகும். அடுத்த தேதிக்கு ஷில்பாவும் மஞ்சுநாத்தும் எந்த ஊரில் இருப்பார்களோ. சங்கத்தின் பெயரும் இன்னும் இழுபடும். இருக்கிறது என்று சொன்னால் எல்லாம் இன்றே முடியும். அவள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, லைனையே பகைத்துக்கொண்டு, சொல்ல வந்த அந்த ஒன்று மட்டும் எந்தத் தாளிலும் இருக்காது.

இரண்டு முடிவும் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் நான் “கீதுக்கா” என்கிறேன், அவள் கையெழுத்துப் போடுகிறாள், மஞ்சுநாத்துக்கு நஷ்டஈடு கிடைக்கிறது. இன்னொன்றில் “இல்லக்கா” என்கிறேன், அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். இரண்டிலுமே நான் நல்லவனாகத் தெரிகிறேன். அதனாலேயே இரண்டின் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. உண்மையில் எதைச் சொன்னேன் என்பதை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் எனக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு அவளை மறந்துவிடுவீர்கள்.

எதிரே ஷில்பா உட்கார்ந்திருந்தாள். தாள் அவளுக்குத் தலைகீழாக இருந்தது. ஆனாலும் அவள் வாசித்துவிட்டாள் என்று அவள் கண்ணில் தெரிந்தது. குழந்தையை ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்கு மாற்றி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மஞ்சுநாத் அவளைப் பார்த்தான். குமாஸ்தா அடுத்த வழக்கின் காகிதக் கட்டை எடுத்துவிட்டார்.

குணசுந்தரி பேனாவைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான் எழுந்துகொள்கிறேன். நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள். அவள் உங்களைத்தான் கேட்கிறாள்: “நான் சொன்னது அப்பிடியே கீதா?”